மாசாமாசம் பாட்டில் ஏத்திக்கிற அய்யன், என்ன சொல்லிப் புரிய வைக்கிறதுங்க?

மூலனூரான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். அய்யனும் அம்மாவும் மூலனூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில இருக்காங்க. நாலு ஏக்கரா, பாதிக்கு மேல முருங்கை, ரெண்டு எருமை, வரப்போரமா இருவது தென்னை. அய்யனுக்கு 71 வயசு. பிரஷர் மாத்திரை பத்து வருசமாச் சாப்புடறாரு. அதாவது, அம்மா எடுத்துக் குடுத்தாச் சாப்புடறாரு.

அவருக்கு ஒரு பழக்கமுங்க. மாசத்துக்கு ஒருக்கா, வேசகாலம்னா ரெண்டு தடவை, மொபெட்டை எடுத்துக்கிட்டுப் பக்கத்து ஊர்ல ஒரு கிளினிக்குக்குப் போயி பாட்டில் ஏத்திட்டு வருவாரு. காச்சல் இல்ல, வாந்தி பேதி இல்ல. எதுக்குன்னு கேட்டா, "சோந்து வருதுடா, ஒரு பாட்டில் ஏத்துனா ஒரு மாசத்துக்குத் தாங்கும்"பாரு. மொபெட்டுக்கு ஆயில் மாத்தற மாதிரி. பாட்டிலும் ஊசியும் சேத்து 600 ரூவா. ஒறம்பரை வீட்டுக் கல்யாணம், நோம்பி எதுன்னாலும் முந்தின நாளே போயி ஏத்திக்குவாரு. நாங்களும் சிரிச்சுக்கிட்டு வுட்டுட்டமுங்க.

போன பங்குனியில வெயிலு காச்சி எடுத்துச்சு. முருங்கை பறிக்க ஆள் வராம ரெண்டு நாளா அவரே பறிச்சிருக்காரு. சோந்து எச்சாயிருச்சுன்னு போயி, "இந்தவாட்டி ரெண்டா ஏத்துங்க"ன்னு கேட்டு வாங்கி ஏத்தியிருக்காரு. எருமை கறக்க நேரமாச்சுன்னு இவரு அவசரப்படுத்த, அவங்களும் ஒண்ணரை மணி நேரத்துல ரெண்டையும் இறக்கி அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு ரவைக்குப் பதினோரு மணி இருக்கும், அம்மா போன் பண்ணுச்சு. அய்யனால படுக்க முடியல, படுத்தா மூச்சு முட்டுது, கட்டில்ல உக்காந்து சன்னக் கம்பியப் புடிச்சுக்கிட்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கறாரு, இருமுனா நொரை நொரையா வருதுன்னு. 108-க்கு அம்மாவையே கூப்புடச் சொல்லிட்டு நான் இங்கிருந்து பைக்குல கெளம்பிப் போறதுக்குள்ள தாராபுரத்துல சேத்துட்டாங்க. ஆக்சிஜன் வெச்சு, மூத்திரம் போக வெக்கிற லேசிக்ஸ் ஊசி போட்டு, மூத்திரத்துக்கு டியூப் போட்டிருந்தாங்க. வெடியறதுக்குள்ள ரெண்டு லிட்டருக்கு மேல போச்சு. மூச்சு சரியாச்சு. மறுநாள் ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தா, ரத்தத்தைத் தள்ளற பம்பிங் 35 சதவீதந்தானாம். டாக்டர் என்னைத்தான் ஏறு ஏறுன்னு ஏறுனாரு. "இந்த ஹார்ட்டுக்கு ஒரு லிட்டர் சலைனா? நீங்கெல்லாம் படிச்சவங்கதான?"

இப்பத்தான் கதையே. வீட்டுக்கு வந்த அய்யன், பாக்க வர்ற ஒறம்பரை கிட்ட எல்லாம் சொல்றது என்னன்னா, "நம்மூரு டாக்டரு ஏத்துன சத்தை எல்லாம் டவுனு டாக்டரு மூத்திரமா இறக்கி வுட்டுட்டான்." சத்தியமா இதே வார்த்தைங்க. போனது போச்சு, அடுத்த மாசம் மறுபடி ஏத்திக்கறேன்னு வேற சொல்லிட்டுத் திரியறாரு.

அந்தப் பாட்டில்ல அப்படி என்னதாங்க இருக்குது? நெசமாலுமே எப்ப ஏத்தணும்? அவரு மண்டையில ஏறற மாதிரி யாராச்சும் சொல்லிக் குடுங்க. பாட்டிலுக்குப் பதிலா எளநி குடுத்து ஆறுதல் பண்ணலாமான்னும் அம்மா கேக்குது.

ஈரோட்டு மஞ்சள்

அய்யனுக்கு இப்படி ஆனது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாட்டிலே வேஸ்ட்டுன்னு இந்தத் திரி போயிடக் கூடாதுன்னு ஒண்ணு சொல்லிக்கறேன். நான் டெங்குல கிடந்தவன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. சரியாப் போச்சு, சோறு போடும்மான்னேன். அன்னைக்குப் பொழுதோடதான் வயித்து வலி, வாந்தி, கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. காய்ச்சல் விடறப்பத்தான் ஆபத்துன்னு அப்புறம் சொன்னாங்க. ரத்தத்துல இருக்கற தண்ணி குழாயை விட்டு வெளிய கசியுமாம்.

சில மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்து, அது எவ்வளவு கெட்டியாகுதுன்னு காட்டற பி.சி.வி. பாத்தாங்க. அது ஏறினா சொட்டைக் கூட்டினாங்க, இறங்கினா குறைச்சாங்க. ஒண்ணரை நாள் கழிச்சு "போதும்"னு கழட்டிட்டாங்க. எங்கம்மா "இன்னும் ஒண்ணு போட்டா என்ன, காசு நாங்கதான தர்றோம்"னு நர்ஸ் கூடச் சண்டை. கசிஞ்ச தண்ணி திரும்பி உள்ள வர்ற நேரத்துல மேல மேல ஏத்தினா நெஞ்சுல கோத்துக்கும்னு அந்தச் சிஸ்டர் பொறுமையாச் சொன்னாங்க. ஏத்தறதை விட நிறுத்தறதுக்குத்தான் படிப்பு வேணும் போலன்னு தோணுச்சு.

மருந்துக்கடை

நான் கடை வெச்சிருக்கறது எந்த ஊர்னு சொல்லலை, சண்டைக்கு வருவாங்க. அரை லிட்டர் சலைன் அடக்க விலை நூறு ரூபாய்க்குள்ளதான். ஆனா டாக்டர்களை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. எங்க கடைக்கு எதுக்க ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து கிளினிக் போட்டாரு. நல்ல படிப்பு. பாட்டில் கேட்டு வந்த கிழவங்களுக்கு எல்லாம் "உங்களுக்கு வேண்டாம், மோர் குடிங்க"ன்னு சொல்லி அனுப்பினாரு. ஆறே மாசம். "அவனுக்குக் கைராசி இல்லை"ன்னு ஊரே பேசுச்சு. இப்ப அவரும் ஏத்தறாரு.

பழைய சிஸ்டர்

மூலனூர்த் தம்பிக்கு. 33 வருஷம் பவானி, சத்தி, கோபின்னு சர்க்கார் ஆஸ்பத்திரிகள்ல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு, இப்பப் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கறவ நான். எனக்குப் பாட்டில் மேல கோவம் எதுவும் கிடையாது கண்ணு. அதால பொழைச்ச உசுரை அத்தனை பாத்திருக்கேன். அதைச் சோந்துக்கு ஏத்தறதைக் கேட்டாத்தான் எரியுது.

நம்ம சனம் எல்லாத்துக்கும் "குளுக்கோஸ்"னு ஒரே பேர் வெச்சிருக்கு. வார்டுல அப்படிப் பேசினா தொலைஞ்சோம். என்.எஸ்., ஆர்.எல்., 5 டி, டி.என்.எஸ்., பெரும்பாலும் இந்த நாலுதான் தொங்கும். என்.எஸ்.ங்கறது 0.9 சதவீத உப்புத்தண்ணி. அரை லிட்டர் பாட்டில்ல நாலரை கிராம் சோத்து உப்பு, மிச்சம் சுத்தமான தண்ணி, வேற ஒரு சமாச்சாரமும் இல்லை. 5 டி-யில அரை லிட்டருக்கு 25 கிராம் சர்க்கரை, உப்பே கிடையாது. டி.என்.எஸ்.ல ரெண்டும் இருக்கும். ஆர்.எல்.ல உப்போட கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம், லாக்டேட் இருக்கும், நம்ம ரத்தத்துல இருக்கற தண்ணிக்கு அது கிட்டத்துல வரும்.

இப்ப அய்யன் சொல்ற சத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்க. 25 கிராம் சர்க்கரையில 100 கலோரி கூடத் தேறினாத்தான் உண்டு. ரெண்டு இட்லி. 600 ரூபாய்க்கு ரெண்டு இட்லி, அதுவும் சட்னி இல்லாம. உப்புக் கணக்கு அதை விட மோசம். ஒரு ஆளு நாள் பூரா எல்லாச் சாப்பாட்டுலயும் சேத்து 5 கிராமுக்குள்ள உப்பு எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அய்யனுக்கு ஏத்தினது ரெண்டும் உப்புப் பாட்டில்னா 9 கிராம், ஒண்ணரை மணி நேரத்துல, நாக்குல கூடப் படாம நேரா ரத்தத்துக்குள்ள. பிரஷர்காரருக்கு ஊறுகாய் ஜாடியை ஒளிச்சு வெக்கிற உங்கம்மா கிட்ட இதைச் சொல்லுங்க, அடுத்த தடவை மொபெட் சாவியையே ஒளிச்சு வெச்சிடும்.

நரம்புல ஏத்தினா நரம்புலயே நிக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நிக்காது. உப்புத்தண்ணி ஒரு லிட்டர் ஏத்தினா, கொஞ்ச நேரத்துல ரத்தக்குழாய்க்குள்ள மிஞ்சறது சுமார் கால் லிட்டர். முக்கால் லிட்டர் சதைக்குள்ள கசிஞ்சு போயிடும். 5 டி-ன்னா பத்துல ஒரு பங்கு கூடக் குழாய்ல தங்காது. நல்ல இதயமும் நல்ல கிட்னியும் இருக்கறவனுக்கு இதெல்லாம் மூத்திரமாப் போயிடும், 600 ரூபாயோட நஷ்டம் முடிஞ்சது. பம்பிங் 35-ல இருக்கறவருக்கு முன்னால தள்ள முடியாத தண்ணி பின்னால நுரையீரல்ல தேங்கும். படுத்தா முட்டறது, உக்காந்தாக் கொஞ்சம் தேவலைங்கறது, நொரை வர்றது எல்லாம் அதுதான். தாராபுரத்துல இறக்கினது சத்தை இல்லை, அந்த உப்புத்தண்ணியை. லேசிக்ஸ் போடலைன்னா வெடியால அய்யன் இருந்திருக்க மாட்டார்.

அவருகிட்ட மோட்டார் கணக்குல பேசிப் பாருங்க. அஞ்சு ஹெச்.பி. ஓடின எடத்துல இப்ப ரெண்டு ஹெச்.பி. தான் ஓடுது. தண்ணி எடுக்கறது குறைஞ்சு போச்சேன்னு கெணத்துல ரெண்டு லாரித் தண்ணியைக் கொண்டாந்து கொட்டினா மோட்டாருக்குப் பலம் வந்துருமா? மோட்டார் முழுகித்தான் போகும்.

ஆனா இத்தனை நாளா அவருக்குத் தெம்பு வந்தது பொய் இல்லை. அதையும் ஒத்துக்கணும், இல்லைன்னா உங்களை நம்ப மாட்டார். வேகாத வெயில்ல வேலை செஞ்ச மனுஷன் ரெண்டு மணி நேரம் ஃபேனுக்கு அடியில மல்லாந்து படுத்தா யாருக்கும் தெம்பு வரும். வெயில்ல வத்தின ஒடம்புக்குத் தண்ணி ஏறினா ஒரு தெளிச்சி இருக்கும், அதைச் செம்புத் தண்ணியும் குடுக்கும். அதுக்கு மேல, "பாட்டிலும் ஊசியும்"னீங்களே, அது என்ன ஊசின்னு கேட்டீங்களா? பல எடத்துல வலி ஊசியோ, டெக்சாங்கற ஸ்டீராய்டு ஊசியோ போடுவாங்க. கை கால் கடுப்பு போனது அந்த ஊசியால, பேர் வாங்கறது பாட்டில். வலி ஊசி ஒடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெக்கும், பம்பிங் கம்மியானவங்களுக்கு எமன். பாட்டில் மஞ்சக் கலர்ல இருந்துச்சான்னும் அம்மாகிட்டக் கேளுங்க. பி-காம்ப்ளெக்ஸ் மாதிரி வைட்டமின் ஆம்பூலை ஒடச்சு ஊத்தினா அந்த மஞ்சள் வரும். வெள்ளைப் பாட்டிலை விட மஞ்சப் பாட்டிலுக்கு மவுசு எச்சு, நானே பாத்திருக்கேன்.

நெசமாலுமே எப்ப ஏத்தணும்னு கேட்டீங்க. வாயால குடிக்க முடியாதப்ப, இல்லைன்னா குடிச்சு ஈடு கட்ட முடியாத வேகத்துல ஒடம்புத் தண்ணி போறப்ப. ஒரு ஆடி மாசம், ஒரே ஊர்ல இருந்து வாந்தி பேதியில சனம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கட்டில் தீந்து போயி வராண்டாவுல பாய் போட்டோம். ஒரு ஆளைத் தூளி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. கண்ணு குழிக்குள்ள போயிருச்சு, வயித்துத் தோலைக் கிள்ளிவிட்டா மடிப்பு அப்படியே நிக்குது, மணிக்கட்டுல நாடி கிடைக்கலை. விரலெல்லாம் துணி தொவைச்ச கை மாதிரி சுருங்கிக் கெடக்கு. ரெண்டு கையிலயும் பச்சை வென்ஃப்ளான் ஊசிக் குழாய் போட்டு, சன்னக் கம்பியில பாட்டிலைக் கட்டி, ஆர்.எல்.-ஐ முழுசாத் தொறந்து விட்டோம். பெரியவங்களுக்கு மொத அரை மணி நேரத்துல கிலோவுக்கு 30 மில்லி, அடுத்த ரெண்டரை மணி நேரத்துல கிலோவுக்கு 70 மில்லி. அந்தாள் 50 கிலோ இருப்பாருன்னு வெச்சாலும் அரை மணியில மூணு பாட்டில். மூணாவது பாட்டில் பாதியில கண்ணைத் தொறந்து பாத்து, "அம்மிணி, ஒரு பீடி கெடைக்குமா?"ன்னாரு. நான் அழுதுட்டேன், கூட இருந்த ஆயா சிரிச்சுது.

இன்னொண்ணு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாமத் தோட்டத்துக்குப் போயி, பேச்சு மூச்சில்லாம வருவாங்க. விரல்ல குத்திப் பாத்தா 30, 35 இருக்கும். 25 டி, அதாவது 25 சதவீத சர்க்கரைத்தண்ணி, 100 மில்லி நரம்புல போனதும், செத்தவன் பொழைச்ச மாதிரி எந்திரிச்சு உக்காந்து "ஏன் எல்லாரும் நிக்கறீங்க?"ன்னு கேப்பாங்க. குளுக்கோஸ்ங்கற பேருக்கு நெசமான வேலை அங்கதான் இருக்கு. அப்புறம் தீக்காயம், பிரசவத்துல ரத்தம் போறது, ஆபரேஷனுக்கு முந்தியும் பிந்தியும் பட்டினி கெடக்கறது, சர்க்கரை 500-க்கு மேல ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றது, ஈரோட்டுக்காரர் சொன்ன டெங்கு. ஒவ்வொண்ணுக்கும் பாட்டில் வேற, வேகம் வேற.

வேகத்தைச் சொல்லாம விட முடியாது. பாட்டில்ல மாட்டற சாதாரண டியூப் செட்டுல 20 சொட்டு விழுந்தா ஒரு மில்லி. அரை லிட்டரை நாலு மணி நேரத்துல இறக்கணும்னா நிமிஷத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுவோம். அய்யனுக்கு ஒரு லிட்டர் ஒண்ணரை மணியில எறங்கியிருக்குன்னா நிமிஷத்துக்கு 220 சொட்டுக்கு மேல, அதைச் சொட்டுன்னு சொல்ல மாட்டாங்க, ஒழுகல்னுதான் சொல்லணும். வீட்டு ஆளுங்க "சீக்கிரம் முடியட்டும்"னு டியூப்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கற சக்கரத்தைத் தாங்களே திருகி விடறதை எத்தனை தடவை கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன்! பொட்டாசியம் கலந்த பாட்டிலை அப்படித் திருகினா இதயமே நின்னு போகும்.

நர்சிங் படிக்கறப்ப எங்க ட்யூட்டர் ஒரு கதை சொல்லுவாங்க. 1832, ஸ்காட்லாந்துல லீத்துங்கற ஊரு, காலரா. முந்தின வருஷந்தான் ஓஷானெஸ்ஸின்னு ஒரு வாலிபர் காலரா ரத்தத்தைச் சோதிச்சு, தண்ணியும் உப்பும் போயிருக்கு, திருப்பிக் குடுக்கணும்னு எழுதினாரு. அதைப் படிச்ச தாமஸ் லாட்டாங்கற டாக்டர், சாகக் கெடந்த ஒரு பாட்டிக்கு நரம்பு வழியா மூணு லிட்டர் போல உப்புத்தண்ணி ஏத்தினாரு. பாட்டி தெளிஞ்சிடுச்சு. இனிப் பயமில்லைன்னு அவரு போயிட்டாரு. பேதி மறுபடி போயி, சில மணி நேரத்துல பாட்டி எறந்துடுச்சு. "ஏத்தினதை மட்டும் எழுதாதே, போனதையும் எழுது"ன்னு சொல்லித்தான் ட்யூட்டர் எங்களுக்கு அந்த ரெண்டு கட்டம் போட்ட சார்ட்டைக் குடுப்பாங்க. ஓஷானெஸ்ஸி பின்னால கல்கத்தாவுக்கு வந்து, இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுத்தது வேற கதை.

எளநி பத்தி ராத்திரி எழுதறேன், பேரன் அழறான்.

காங்கயத்துப் பண்ணையம்

சிஸ்டர் சொன்னது அய்யனுக்கு ஏறலைன்னா மாட்டை வெச்சுச் சொல்லுங்க மூலனூர்க்காரரே, இதே மாதிரி கிளினிக்குல பாட்டில் ஏத்திக்கிட்டிருந்த எங்கப்பாருக்கு அப்படித்தான் புரிஞ்சுச்சு.

எங்க கட்டுத்தரையில ஒரு சிந்து மாடு, நல்ல கறவை, கன்னு போட்ட மறுநாள் வெடியால படுத்தது எந்திரிக்கல. கழுத்தைத் திருப்பி விலாவுல வெச்சுக்கிட்டுக் கெடக்கு, காது ஜில்லுன்னு இருக்கு. பால் சொரம்னு உடனே தெரிஞ்சு போச்சு. சீம்பாலோட ஒடம்புச் சுண்ணாம்பு எல்லாம் மடிக்குப் போயிடும், ரத்தத்துல பத்தாமப் போகும். மாட்டு டாக்டர் வந்து கால்சியம் பாட்டிலை வெந்நித் தொட்டியில போட்டு வெதுவெதுன்னு ஆக்கி, கழுத்து நரம்புல ஊசி வெச்சு, ஒரு கையில பாட்டில், இன்னொரு கையில ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சுல அழுத்திக்கிட்டே ஏத்தினாரு. "சட்டுனு ஏத்திட்டு வாங்க, காப்பி ஆறுது"ன்னேன். "வேகமா விட்டா நெஞ்சு நின்னுடும், அப்புறம் உங்க காப்பியை மாட்டுக்கு ஊத்த வேண்டியதுதான்"னாரு. பாதி பாட்டில்ல மாடு ஏப்பம் விட்டுச்சு, தசையெல்லாம் நடுங்குச்சு, சாணி போட்டுச்சு. காலை ஊனி எந்திரிச்சிருச்சு.

பக்கத்துலயே இன்னொரு மாடு நின்னுச்சு, பால் கொஞ்சம் கொறைச்சல். "வந்தது வந்தீங்க, அதுக்கும் ஒண்ணு ஏத்திட்டுப் போங்க, தெம்பா இருக்கும்"னு எங்கப்பாரு சொன்னாரு. அதுக்கு டாக்டர், "அதுக்கு என்ன கொறைன்னு தெரியாம எதை ஏத்தறது? தீனியைப் பாருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. அன்னைக்குப் பொழுதோட எங்கப்பாரு தானாவே கேட்டாரு, "ஏன்டா, அப்ப எனக்கு என்ன கொறைன்னு அந்தக் கிளினிக்குக்காரன் ஒரு நாளும் பாக்கலியே?"

மூலனூரான்

அம்மாகிட்டக் கேட்டனுங்க. ரெண்டு பாட்டில்ல ஒண்ணு மஞ்சளேதானாம். "அதுதான் ஒசத்தி, அது 100 ரூவா எச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. ஊசி என்னன்னு சீட்டே இல்ல.

மோட்டார் கணக்கு சொன்னேன். நெம்ப நேரம் யோசிச்சுட்டு, "மோட்டாரு பழசானா காயில் கட்டலாமில்ல?"ன்னாரு. அதுக்குத்தான் அய்யா இந்த மாத்திரைன்னேன். பதில் பேசல. காங்கயத்துக்காரர் சொன்ன மாட்டுக் கதைக்குத்தான் தலையாட்டுனாரு. கறவை விசயத்துல அவரை யாரும் ஏமாத்த முடியாதுங்க.

சிஸ்டர், எளநி சொல்றேன்னீங்களே. வேசகாலத்துல சோந்து வந்தா அவருக்கு என்னதான் குடுக்கறது? உப்புச் சக்கரைத் தண்ணி கரைச்சுக் குடுக்கலாமுங்களா?

பழைய சிஸ்டர்

எளநியை நல்லதுன்னு சொல்லித்தான் நம்ம ஊர்ல வளந்தோம். பேதி போற நல்ல ஆளுக்குக் குடிக்கறதுல தப்பில்லை. ஆனா எளநியில உப்பு கம்மி, பொட்டாசியம் எச்சு. பம்பிங் கம்மியானவங்களுக்குக் குடுக்கற மாத்திரைகள்ல சிலது பொட்டாசியத்தை ஒடம்புல சேத்து வெக்கும். அதோட தெனம் ரெண்டு எளநி வெட்டிக் குடிச்சா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி, நெஞ்சு துடிப்பு கெட்டுப் போகும். தென்னை இருக்கற தோட்டத்துல இருந்தே இப்படி வந்த ஆளுங்களைப் பாத்திருக்கேன். அதனால மாத்திரைச் சீட்டை டாக்டர்கிட்டக் காட்டி, கிட்னி டெஸ்ட்டும் பொட்டாசியமும் பாத்துட்டு அவரு சரின்னா மட்டும். அதுவரைக்கும் எளநி ஒறம்பரைக்கு.

உப்புச் சர்க்கரைத் தண்ணி கேட்டீங்க. அதுக்குன்னு கடையில விக்கற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பெரிய மருந்துதான். 1971-ல வங்காளதேச அகதி முகாம்ல சலைன் பாட்டில் தீந்து போனப்ப, திலீப் மஹலனாபிஸ்ங்கற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கரைச்சு ட்ரம்முல வெச்சு, வீட்டு ஆளுங்க கையாலயே குடிக்கக் குடுக்க வெச்சாரு. சாவு 30 சதவீதம் போல இருந்தது 4 சதவீதத்துக்கும் கீழ எறங்குச்சு. சர்க்கரை சேந்து இருந்தாத்தான் கொடலு உப்பையும் தண்ணியையும் இழுக்கும், அதுதான் சூட்சுமம். ஆனா அதுவும் பேதி வாந்திக்குத்தான் கண்ணு. 20.5 கிராம் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர்ல கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டிக் கரைக்கக் கூடாது. சும்மா சோந்துக்கு அய்யனுக்குக் குடுத்தீங்கன்னா அதுவும் உப்புத்தண்ணிதான், வாய் வழியா.

அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தண்ணின்னு டாக்டர் அளவு சொல்லியிருப்பாரு, காப்பி, மோர், ரசம் எல்லாம் சேத்து. சொல்லலைன்னா கேட்டுக்குங்க. அந்த அளவைக் காலையிலயே ஒரு சொம்புல அளந்து வெச்சுட்டா அம்மாவுக்குச் சுலபம். சோந்து வந்தா வெயில் எறங்கி வேலை செய்யறது, நெழல்ல படுக்கறது. பாட்டில் குடுத்த சொகத்துல பாதி அந்தப் படுக்கைதான். வாந்தி பேதியே வந்துட்டா வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்னைக்கே காட்டுங்க. தண்ணி கம்மியானாலும் எச்சானாலும் ரெண்டுமே தாங்காத ஒடம்பு அது.

ரொம்ப முக்கியமா, தெனம் வெடியால வெளிக்குப் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடறதுக்கு முந்தி எடை போடச் சொல்லுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லை, தண்ணி. கால் வீங்கற வரைக்கும் காத்திருக்காமக் கெளம்பிடணும். எடை மெஷின் இல்லைன்னு சொல்லாதீங்க, முருங்கைக்காரங்க வீட்டுல தராசு இல்லாமயா?

மூலனூரான்

பத்து நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க. கம்பெனியில ஷிப்மென்ட் நேரம்.

சிஸ்டர் சொன்ன எடை விசயம் மட்டும் அய்யனுக்கு எப்படியோ புடிச்சுப் போச்சுங்க. எலக்ட்ரானிக் தராசைச் சாளைத் திண்ணைக்கே கொண்டாந்துட்டாரு. மூட்டை வெக்கற தட்டு மேல வெறுங்காலோட ஏறி நின்னு, அம்மாவை நம்பர் படிக்கச் சொல்லி, முருங்கைக் கணக்கு எழுதற அதே நோட்டுல எழுதிக்கறாராம். நடுவுல ஒரு நாள் 800 கிராம் ஏறிருச்சுன்னு எனக்கே போன் பண்ணுனாரு. முந்தின நாள் ஒறம்பரை வீட்டு விசேசத்துல அப்பளமும் ஊறுகாயும் வளைச்சிருக்காரு. திட்டுனேன். மறுநாள் எறங்கிருச்சு.

அந்தக் கிளினிக் வழியாப் போறப்ப இன்னும் மொபெட் மெதுவாத்தான் போகுதுன்னு அம்மா சொல்லுது. சாவி இப்ப அம்மாகிட்டத்தான் இருக்கு.

நேத்து நோட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அய்யன் 61.4. கீழயே முருங்கை 18 கிலோ. வெலைதான் சொல்லிக்கற மாதிரி இல்லீங்க.